ஒத்த விரல்ல சுத்துற ஸ்டியரிங்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு ரோடு கண்ணுல படக் கூடாது. இன்னொருத்தன் ஓட்டுற பஸ்ஸுல உக்காந்து ரோட்டப் பாத்தேன்னா எங் காலு தானா பிரேக்கத் தேடி மிதிக்கும். முன் சீட்டுக்காரரு திரும்பித் திரும்பிப் பாப்பாரு, என்னடா இந்தாளு முதுகுல ஒதைக்கிறானேன்னு. டிரைவரா இருந்துட்டாலே இந்தச் சீக்குதான்.

மதுரைக்கா? நானும் மதுரைதான். போடியில ஏறுனேன். போடி ஜீப் ஸ்டாண்டுல வந்து பிக்கப் ராசாங்கம்னு கேளுங்க, யாருன்னாலும் கூட்டிட்டு வந்து விடுவாக.

நீங்க வண்டி ஓட்டுவீகளா? காரா. பவர் ஸ்டியரிங்குதான? ஆமா, இப்ப வர்றதெல்லாம் பவர் ஸ்டியரிங்குதான். ஆடுதா? ஸ்டியரிங்கு ஆடுதான்னு கேக்குறேன். நேரா போறப்ப கையில லேசா நடுங்குமே, அந்த மாதிரி. இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சரி விடுங்க. ஒங்களுக்கு நல்லபடியா அமைஞ்சிருக்கு. எனக்குத்தான் ஒருத்தன் வண்டியவே கெடுத்து வச்சுட்டான்.

எங்கிட்ட இருக்கது பழைய ஜீப் பிக்கப்பு. முன்னாடி மூக்கு நீண்டிருக்கும், பின்னாடி தொட்டி. தொட்டியில ரெண்டு பக்கமும் பெஞ்சு அடிச்சு, மேல தார்ப்பாய் கட்டியிருக்கேன். ஒங்க வயசுக்கு ரெண்டு மடங்கு இருக்கும் அதோட வயசு. வழியில நிறுத்துனா காருல போறவுகல்லாம் எறங்கி வந்து பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சுக்குவாக. என்னையச் சேத்தும் புடிப்பாக. நான் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு நிப்பேன்.

தெனமும் காலையில போடியில இருந்து மலைக்கு மேல ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளைகள ஏத்திக்கிட்டுப் போகணும். சாயங்காலம் எறக்கிக்கிட்டு வரணும். அம்புட்டுத்தான் நம்ம பொழப்பு. போடிமெட்டு ரோட்டுல போயிருக்கீகளா? ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல, ஆகாசந்தான். ஒரு கொண்ட ஊசி வளவுல திரும்பி மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த வளவு வந்து நிக்கும்.

அந்த வளவுல என் வண்டிய ஒடிச்சுத் திருப்புறதுன்னா லேசுப்பட்ட வேல இல்ல. ஸ்டியரிங்கு அம்புட்டு கனம். ஸ்டாண்டுல இருக்க எளவட்டங்க ஒவ்வொருத்தனும் ஏறிப் பாத்துருக்கான். முத வளவுலயே கைய எடுத்துட்டு, "சித்தப்பு, இது ஸ்டியரிங்கா ஆட்டு ஒரலா?"ம்பானுக. எனக்குப் பெருமதான், மறைக்கல. அந்த வண்டிய ஊருக்குள்ள நான் ஒருத்தன்தான் ஓட்டுவேன். பிரேக்கும் அந்தக் காலத்து டிரம் பிரேக்கு. எந்திரிச்சு நின்னு மிதிச்சாத்தான் கேக்கும். மழத்தண்ணி உள்ள பூந்துருச்சுன்னா அதுவும் கேக்காது, சாமியத்தான் கூப்புடணும். அப்பிடியும் இத்தன வருசத்துல ஒரு பொம்பளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல தம்பி. கேட்டுப் பாருங்க.

ஒச்சம்மான்னு ஒரு பொம்பள. அவதான் கங்காணி. யாரு வேலைக்கு வரணும், எந்தத் தோட்டத்துல எறங்கணும், எல்லாம் அவ சொல்றதுதான். அதனால முன் சீட்டு அவளுக்கு. என்னைய அண்ணேன்னுதான் கூப்புடுவா. கூடப் பொறக்கல, அது ஒண்ணுதான் கொற. மத்த ஜீப்புக்காரனுக எம்புட்டோ கூப்புட்டுப் பாத்தானுக, போக மாட்டா. "எங்க அண்ணன் வண்டியில தூங்கிக்கிட்டே போயிருவோம்"பா. நெசமாவே தூங்குவாளுக. அந்த வளவுல, அந்தக் குலுக்கல்ல, ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குவாளுக. கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். ஒரு டிரைவருக்கு அதுக்கு மேல என்னா வேணும், நீங்களே சொல்லுங்க.

போன கார்த்திகையில இந்த வலது தோளு எறுகிப் போச்சு. வலின்னு சொல்ல முடியாது, எறுக்கம். கையத் தூக்குனா மேல வராது. தைலம் தேச்சேன், ஒத்தடம் குடுத்தேன், நீவி விடுறவர்ட்டப் போயி நீவிக்கிட்டேன். ஒண்ணுக்கும் மசியல. வளவுல ஒடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது. ஒரு நா திருப்ப முடியாம பின்னாடி எடுத்து மறுபடி திருப்புனேன். ஒச்சம்மா வெளிய பாத்துக்கிட்டா.

அப்பத்தான் கலீல் வந்து சேந்தான். தேனியில ஷெட்டு வச்சிருக்கான். பழைய ஜீப்புன்னா அவன்கிட்டத்தான் போவாக. நல்ல வேலைக்காரன்னுதான் நானும் நெனச்சேன். என்னைய மாமாம்பான். "மாமா, தோள மாத்த முடியாது. ஸ்டியரிங்க மாத்தலாம். கையோட கையா முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டுருவோம்"ன்னான். எனக்கும் ஆச வந்துருச்சு. வராம இருக்குமா?

அடிபட்டு நொறுங்கிக் கெடந்த ஒரு புது வண்டியில இருந்து ஸ்டியரிங் பாக்ஸு, ஆயில் பம்பு, டிஸ்க்கு, அம்புட்டையும் கழட்டிக்கிட்டு வந்தான். பம்பு உக்கார என் எஞ்சின்ல எடம் இல்ல. அட்டையில அளவெடுத்து, இரும்புப் பட்டைய வெட்டி, வெல்டு வச்சு உக்கார வச்சான். தை மாசம் பூரா அந்த ஷெட்டுலதான் கெடந்தேன். அவன் படுத்து வேல பாப்பான், நான் ஸ்பேனர எடுத்துக் குடுப்பேன். சும்மா சொல்லக் கூடாது, ராசா மாதிரி பாத்தான் வேலைய. அதான் ஆத்தாமையா இருக்கு. வேல தெரியாதவன் கெடுத்தா விட்டுத் தொலையலாம். இவன் தெரிஞ்சு கெடுத்துருக்கான்.

முத நாளு ஸ்டியரிங்கத் தொட்டேன் பாருங்க. தொட்டேன், அம்புட்டுத்தான், திரும்பிருச்சு. கலீல் ஒத்த விரல விட்டுச் சுத்திக் காமிச்சான். பிரேக்குல கால வச்சா நச்சுன்னு நிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்லன்னு நெனச்சேன். மறுநா காலையில சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிக் கெளப்புனேன், பொம்பளைக எல்லாம் கொலவ போட்டாளுக. ஒச்சம்மா சூடம் காமிச்சு, மிச்சத்த எனக்கும் சுத்திப் போட்டா. ஸ்டாண்டே வேடிக்க பாத்துச்சு.

ஒரு வாரம் போயிருக்கும். மேல ஏறிக்கிட்டு இருக்கோம், வளவுல இல்ல, நேரா போற எடத்துல, ஸ்டியரிங்கு லேசா ஆடுது. சக்கரத்துல கல்லு மாட்டிக்கிட்டாப்ல டுடுடுடுன்னு. இறுக்கிப் புடிச்சா நிக்குது, லேசா விட்டா ஆடுது. பழைய ஸ்டியரிங்கு ஒரு நாளும் ஆடுனதில்ல. பாறையக் கட்டிப் புடிச்சாப்ல இருக்கும். அப்ப யாரு மேல தப்பு?

கலீல்ட்டப் போனேன். சக்கரத்தக் கழட்டி மாட்டுனான். மறுபடி போனேன், ராடு மாத்துனான், பேரிங்கு மாத்துனான். வண்டிய எடுத்துக்கிட்டு பைபாஸ் பூரா ஓட்டிட்டு வந்து, "ஆடலயே மாமா"ங்கிறான். அவன் ஓட்டுனா ஆடாது தம்பி! அதுதான் அதுல இருக்க சூதே. அவன் கைக்கு அடங்குது. நான் ஏறி உக்காந்தா ஆடுது. ஷெட்ட விட்டுப் போன பிறகு யாரு ஓட்டப் போறா, அவனா நானா?

கடைசியா ஒரு நா எம் பக்கத்துல உக்காந்து வந்தான். ஸ்டியரிங்கப் பாப்பான்னு நெனச்சேன். என்னையவே பாத்துக்கிட்டு வந்தான். ஷெட்டுல வந்து எறங்குனதும் பழந்துணிய எடுத்துக் கையத் தொடச்சான், தொடச்சான், தொடச்சுக்கிட்டே இருந்தான். கையில ஒரு பொட்டு ஆயில் இல்ல. அப்பறம், "மாமா, கோவிச்சுக்கிறாதீங்க. மதுரையில நரம்பு டாக்டரு ஒருத்தரு இருக்காரு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோமா? நானும் கூட வர்றேன்"ன்னான்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? வண்டிக்கு வைத்தியம் கேட்டா எனக்கு வைத்தியம் சொல்றான்! வாயில வந்ததெல்லாம் திட்டிப்புட்டேன். அவுக அத்தாவையும் சேத்து இழுத்துட்டேன், அவரு எனக்குப் பழக்கம், நல்ல மனுசன். ஷெட்டுல வேல பாக்குறவனுகல்லாம் நிமுந்து பாக்குறானுக. கலீல் ஒரு வார்த்த திருப்பிப் பேசல. தப்பு பண்ணலேன்னா பேசணும்ல? அங்கயே தெரியலையா அவன் யோக்கியத?

ஊரே ஒரு மாதிரி ஆயிப் போச்சு. ஸ்டாண்டு டீக்கடையில எனக்கு மட்டும் அர கிளாசுதான் ஊத்துறான். ஏன்டான்னா, "சூடா இருக்கும்ணே, குடிச்சுட்டு மறுபடி வாங்கிக்கங்க"ங்கிறான். சட்ட தைக்கிறவன் பித்தான் ஓட்டைய ஊசி மொன அளவுக்கு வைக்கிறான், நொழையவே மாட்டேங்குது. எம் வீட்டுக்காரி செல்லத்தாயிதான் போட்டு விடுறா. அவ சும்மா போட்டு விட்டாத் தேவலாம். "நடக்குறப்ப வலது கை ஏன் வீச மாட்டேங்குது? ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக, சிரிச்சா என்ன?"ன்னு நொச்சு. வண்டி கெட்டுப் போயி நிக்கிறப்ப எவனுக்குத் தம்பி சிரிப்பு வரும்?

பங்குனியில ஒரு நா. சாயங்காலம், மேல இருந்து எறங்குறோம். கோட மழ புடிச்சுக்கிச்சு. கண்ணாடியில பாக்குறேன், பின்னாடி ஒருத்தியும் தூங்கல. கொஞ்ச நாளாவே தூங்குறதில்ல. தார்ப்பாய்க் கம்பியப் புடிச்சுக்கிட்டு, முழிச்ச கண்ணு முழிச்சபடி வருவாளுக. வளவு வருது. ஸ்டியரிங்கு ஆட ஆரம்பிச்சிருச்சு. நான் புடிக்கிறேன், அது ஆடுது, வண்டி வெளிப்பக்கமாப் போகுது. பிரேக்குக்குக் கால எடுத்து வைக்கணும்ல, அந்த நேரம் பாத்து செருப்பு ஒட்டிக்கிச்சு, காலு வர மாட்டேங்குது. எப்பிடியோ வச்சு மிதிச்சேன். நச்சுன்னு நின்னுச்சு. முன் சக்கரம் ஓரச் செவத்துல ஏறி நிக்குது. டிஸ்க் பிரேக்குன்னா டிஸ்க் பிரேக்குதான். பழைய பிரேக்கா இருந்திருந்தா எல்லாரும் போயிச் சேந்திருப்போம். அந்த ஒண்ண கலீல் ஒழுங்காச் செஞ்சிருக்கான். உள்ளதச் சொல்லணும்ல.

யாரும் கத்தல. கத்தியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

வண்டி நின்னுருச்சு, ஸ்டியரிங்கு இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு. ஒச்சம்மா தன் கையத் தூக்கி எங் கைக்கு மேல வச்சா. வச்சு இறுக்கி அமுக்குனா. ஆட்டம் நின்னுருச்சு. பாத்தீகளா? மேல இருந்து அமுக்குனா நிக்குதுன்னா என்னா அர்த்தம்? உள்ள ராடு லூசுன்னு அர்த்தம். நான் அவகிட்டச் சொன்னேன், "பாத்தியா ஒச்சம்மா, ராடு லூசு." அவ அழுதுட்டா. "ஆமாண்ணே, ராடு லூசுதான், ராடு லூசுதான்"ன்னு சொல்லிக்கிட்டே அழுறா. கைய எடுக்கவே மாட்டேங்குறா.

அப்பறம் எறங்கிட்டாளுக. எல்லாரும். ஒருத்தி கூட என்னையக் கொற சொல்லல. முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு, மழையில நடக்க ஆரம்பிச்சிட்டாளுக. நான் வண்டியப் பின்னாடி எடுத்து, அவுகளுக்குப் பக்கத்துலயே மெதுவா உருட்டிக்கிட்டு வர்றேன். "ஏறுங்கத்தா, நனையாதீக. மெதுவாப் போறேன்த்தா. நடந்து போற வேகத்துலதான் போவேன், ஏறுங்க." எல்லாரும் காலப் பாத்து நடக்குறாளுக. அடிவாரம் வரைக்கும் நடந்தாளுக தம்பி. பின்னாடி தங்கி, லைட்டப் போட்டு விட்டேன், பாதையாவது தெரியட்டும்னு.

மறுநா காலையில ஸ்டாண்டுல நின்னேன். ஒருத்தியும் வரல. வேற ஜீப்புல ஏறுறாளுக. எடம் இல்லாம பின்னாடி கம்பியில தொங்கிக்கிட்டுப் போறாளுக. என் வண்டி காலியா நிக்குது. அதுக்கடுத்த நாளும் நின்னேன். அப்பறம் வீட்டு வாசல்ல போட்டு தார்ப்பாயால மூடிட்டேன். காலையில நேரத்துக்கு முழிப்பு வந்துரும். முழிச்சு என்ன செய்ய? உள்ள ஏறி உக்காந்துக்கிட்டு இருப்பேன். செல்லத்தாயி கூப்புட மாட்டா. சாப்பாட்ட வண்டிக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போவா.

போன வாரம் ஒச்சம்மா வந்தா, மக சுகன்யாவக் கூட்டிக்கிட்டு. சுகன்யா போடியில பள்ளிக்கூட வேன் ஓட்டுற பிள்ள. லைசென்சு, பேட்ஜு எல்லாம் வச்சிருக்கா. இப்ப லீவு விட்டாச்சுல்ல. ஒச்சம்மா தலைய நிமுத்தாமப் பேசுறா. "அண்ணே, நாங்க தொங்கிக்கிட்டுப் போறோம். என்னைக்கி எவ விழுகப் போறாளோ. ஒங்க வண்டிய இவ ஓட்டட்டும். நீங்க முன்னாடி உக்காந்து வாங்க. எஞ் சீட்ட எடுத்துக்கங்க, நான் பின்னாடி போறேன்."

நான் சிரிச்சேன். "அந்த வண்டியப் பொம்பளப் பிள்ள ஓட்டுமா?"ன்னு கேட்டேன். கேட்டு வாய மூடல, செல்லத்தாயி உள்ள இருந்து சாவியக் கொண்டாந்து அந்தப் பிள்ள கையில குடுத்துட்டா. என்னைய ஒரு வார்த்த கேக்கல. என் வண்டிச் சாவி.

நேத்துப் போனோம். நான் ஒச்சம்மா சீட்டுல உக்காந்திருக்கேன். அந்தப் பக்கத்துல இருந்து மெட்டு ரோட்ட நான் பாத்ததே இல்ல. வேற மல மாதிரி இருந்துச்சு. சுகன்யா ஓட்டுறா. நான் ஸ்டியரிங்கவே பாத்துக்கிட்டு வர்றேன், இப்ப ஆடும், இந்தா இப்ப ஆடும்னு. சாமி சத்தியமா, ஆடட்டும்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன். ஆடல. வளவெல்லாம் நோட்டுல பக்கத்தப் பொரட்டுற மாதிரி திருப்புறா. நான் என் தோளுக்குன்னு போட்டது தம்பி அது. தை மாசம் பூரா ஷெட்டுல கெடந்து போட்டது. யாரு வேணும்னாலும் ஓட்டுற மாதிரி நானே ஆக்கி வச்சிருக்கேன்.

பின்னாடி திரும்பிப் பாத்தேன். ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு தூங்குறாளுக. ஒச்சம்மாவும்.

தோட்டத்துல எல்லாரையும் எறக்கி விட்டுட்டுக் காலியாத் திரும்புறோம். மெட்டுக்கிட்ட வந்ததும், "ஆத்தா, ஓரங்கட்டு, நான் சும்மா கொஞ்சம் புடிச்சுப் பாக்குறேன்"ன்னேன். அந்தப் பிள்ள "சரி மாமா"ன்னு எறங்கி வந்து, எனக்குக் கதவத் தொறந்து விட்டுச்சு. ஏறி உக்காந்தேன். கியரு போடல. ஸ்டியரிங்குல கைய வச்சேன். ஆடுது.

நிக்கிற வண்டி தம்பி. சக்கரம் உருளல, ரோட்டுல கல்லு இல்ல. ஆடுது. சரி, எஞ்சின் ஓடுதுல்ல, பம்பு ஓடுதுல்ல, அப்ப பம்புலதான் கோளாறுன்னு சாவியத் திருப்பி அணைச்சுட்டேன். பம்பு நின்னா இந்த ஸ்டியரிங்கும் பழசு மாதிரிக் கெட்டியாயிரும். ஆயிருச்சு. அசையல. பாறை.

கை மட்டும் ஆடுது.

அந்தப் பிள்ள பாத்துருச்சு. பாத்துட்டு, தூரத்துல எங்கயோ பாக்குற மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "குளுருது மாமா. மெட்டுல பனி எறங்குதுல்ல. எறங்குங்க, டீ குடிச்சுட்டுப் போவோம்"ன்னுச்சு. தான் போட்டிருந்த துப்பட்டாவ எடுத்து எங் கை மேல போத்தி விட்டுச்சு. ஆமா, குளுருதான். சித்திரையா இருந்தாலும் மேல குளுரும். குளுருல யாருக்குத்தான் கை நடுங்காது?

மதுரையில மகன் வந்து நிப்பான். டாக்டருட்டக் கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக எல்லாரும். செல்லத்தாயி கூட வர்றேன்னா. நாந்தான் வேணாம்னுட்டேன், பச்சப் பிள்ளையா நானு? போறேன். அவுக ஆசைக்குப் போறேன். பழைய ஸ்டியரிங்கையே எடுத்து மாட்டிரலாமான்னும் யோசிச்சேன். மாட்டுனா இந்தத் தோளு அத வளைக்காது. புதுச வச்சிருந்தா அது எங் கையில நிக்க மாட்டேங்குது. நானும் படுத்தாலும் எந்திரிச்சாலும் இதையேதான் போட்டுப் பாக்குறேன். எனக்குன்னு ஓட்ட ஒரு வண்டி இனிமே இல்ல போலருக்கு.

உசிலம்பட்டி வந்துருச்சா? என்னா வெயிலு. பாருங்க, சனம் பூரா பேப்பர எடுத்து விசிறிக்கிட்டு இருக்கு. ஒங்க சட்டையும் முதுகுல ஒட்டிப் போச்சு. நல்லாச் சாஞ்சு உக்காருங்க.

தம்பி. ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும். ஒங்களுக்குக் குளுருதா? கொஞ்சமாச்சும்?